நுகர்வோரின் வாசலில் நாய்: ஓர் உரிமைப் பரப்புரையின் சின்னத் தேர்வு பற்றி

பொதுநலப் பரப்புரைக்கு உருவச்சின்னம் தேர்ந்தெடுப்பது அலங்கார வேலை என்று எண்ணப்படுவதால், அது பெரும்பாலும் ஓவியரின் மேசையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. உருவச்சின்னம் இலச்சினையிலிருந்து வேறுபட்டது. இலச்சினை ஓர் அமைப்பின் முத்திரை மட்டுமே. உருவச்சின்னத்துக்குப் பெயர், முகம், குணம், நடை எல்லாம் உண்டு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக் குட்டி 'அப்பு', இந்திய ரயில்வேயின் விளக்கேந்திய யானை 'போலு', 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டின் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு பாத்திரம் என்ன செய்கிறதோ அதையே அதன் பின்னால் நிற்கும் அமைப்பும் செய்வதாக மக்கள் எடுத்துக்கொள்வதால், நுகர்வோர் உரிமைக்கு நாய் பொருந்துமா என்று கேட்கும்போது, அந்த உரிமையை யார் காப்பது, யாருக்காகக் காப்பது, காப்பவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகளும் கூடவே எழுகின்றன.

தமிழகத்தில் நுகர்வோர் என்றும், இலங்கையில் பாவனையாளர் என்றும், மலேசியாவில் பயனீட்டாளர் என்றும் அழைக்கப்படுபவர் ஒருவரே: பணம் கொடுத்துப் பொருளையோ சேவையையோ தன் தேவைக்காகப் பெறுபவர். 1962 மார்ச் 15 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பாதுகாப்பு, தகவல், தெரிவு, முறையீட்டுக்குச் செவிசாய்க்கப்படுதல் ஆகிய நான்கையும் இவருடைய உரிமைகளாகத் தம் நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். இந்தியாவில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசின் பரப்புரை 2005 முதல் 'ஜாகோ கிராஹக் ஜாகோ', அதாவது 'விழித்தெழு நுகர்வோரே, விழித்தெழு' என்ற முழக்கத்தோடு நடந்து வருகிறது. 2022இல் அதற்கு 'ஜாக்ருதி' என்ற பெண் உருவம் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. விழிப்புற்ற நுகர்வோர் என்ற கருத்தே அங்கே பெண்ணுருவம் பெற்றிருக்கிறது.

இந்த முழக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. விழித்தெழு என்று சொல்லும்போது, ஏமாந்தவர் தூங்கியதால்தான் ஏமாந்தார் என்ற பொருள் அவரை அறியாமலேயே அவர் தலையில் ஏறிவிடுகிறது. ஒரு மளிகைக் கடையில் மிளகாய்த் தூள் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். தயாரித்த நாளும் காலாவதி நாளும் உறையின் ஒட்டுமடிப்பில், பளபளக்கும் தாளின் மேல், பாதி அழிந்த மையில் குத்தப்பட்டிருக்கும். நிகர எடை ஒரு மூலையிலும், அதிகபட்ச சில்லறை விலை வேறொரு மூலையிலும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் பதினான்கு இலக்கங்களாக நீளும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு மூதாட்டி, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தும்போது, இவ்வளவையும் படித்து, உள்ளே இருப்பது செங்கல் தூளா மிளகாயா என்பதையும் கண்டறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. எந்த நுகர்வோராலும் எல்லா நேரமும் விழித்திருக்க முடியாது. முடியாது என்பதால்தான் சட்டமும் ஆணையமும் சங்கங்களும் உருவாயின.

நாய் என்ற தேர்வின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. மனிதன் நாய் வளர்த்ததற்கான காரணங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று, அது விழித்திருந்தால் தான் உறங்கலாம் என்பது. நாய் சின்னமாக நிற்கும்போது நுகர்வோரை விழித்திருக்கச் சொல்லவேண்டியதில்லை. உங்களுக்காக ஒன்று விழித்திருக்கிறது என்று சொல்லலாம். அந்த நாய் நுகர்வோர் அமைப்பைக் குறிக்கும். நுகர்வோர் அதன் வீட்டுக்காரராக இருப்பார். இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட பரப்புரைகள் நாயை வைத்தும் பயன்பெறுவதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

காவலருக்கு நாயை உவமை சொல்வது பழைய வழக்கம். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், தெரிந்தவரிடம் சாந்தமும் தெரியாதவரிடம் சீற்றமும் ஒருங்கே கொண்ட நாயை நகரக் காவலர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் 'வாட்ச்டாக்', அதாவது காவல் நாய், முறைகேடுகளைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்கான பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. பிபிசி தொலைக்காட்சியில் 1980இல் ஒரு நிகழ்ச்சியின் பகுதியாகத் தொடங்கி 1985இல் தனி நிகழ்ச்சியான நுகர்வோர் புலனாய்வுத் தொடருக்கும் அதுவே பெயர். தமிழ் நாளிதழ்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கும்போது நாயை விட்டுவிட்டுக் 'கண்காணிப்பு அமைப்பு' என்றே எழுதுகின்றன. தமிழில் நாய் என்பது வசைச்சொல்லாகவும் வழங்குவதால், ஓர் ஆணையத்தைக் காவல் நாய் என்று எழுத எந்த ஆசிரியருக்கும் கை வருவதில்லை. உவமை ஆங்கிலத்தில் இயல்பாக இருப்பதாலேயே அதை இங்கே அப்படியே இறக்கிவிட முடியாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

நாயை மையமாக வைத்த பொதுநலப் பரப்புரைகளுள் மிகவும் அறியப்பட்டது அமெரிக்காவின் 'மெக்ரஃப்'. பொதுநல விளம்பரங்களை உருவாக்கித் தரும் விளம்பர மன்றத்தின் வழியே, ஜாக் கீல் என்ற விளம்பர எழுத்தாளரின் கற்பனையில் உருவாகி, 1980இல் தொலைக்காட்சியில் தோன்றிய இந்த நாய், கசங்கிய மழைக்கோட்டு அணிந்த, களைத்த முகமுடைய துப்பறிவாளர். குற்றத்தின் ஒரு பகுதியையாவது கடித்துக் குறைப்போம் என்ற பொருளில் அமைந்த சிலேடை அதன் முழக்கம். மெக்ரஃப் என்ற பெயர் ஒரு போட்டியின் வழியே தேர்வானது. அதை அனுப்பியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவலர் ஒருவர். 1984இல் அதன் உருவத்தோடு அஞ்சல்தலையும் வந்தது.

இந்த நாய் கடிக்கவே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. முழக்கத்தில்தான் கடி இருந்தது. விளம்பரத்தில் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, கதவைப் பூட்டுங்கள், வெளியூர் போகும்போது விளக்கை எரிய விடுங்கள், அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பொறுமையாகப் பேசியது. குற்றம் என்ற பெரிய அச்சத்தை அது இன்று மாலையே செய்து முடிக்கக்கூடிய சிறு காரியங்களாக உடைத்துக் கொடுத்தது. நுகர்வோர் பரப்புரை இதிலிருந்து கற்கவேண்டியது இந்த உத்தியைத்தான். ஆனால் மெக்ரஃபின் கோட்டு காவல்துறையைச் சேர்ந்தது; அது அரசின் நாய். குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் சார்பில் வழக்கு நடத்துவது அரசு. நுகர்வோர் வழக்கில் பாதிக்கப்பட்டவரே மனுதாரர். அவரே எழுத வேண்டும், அவரே ரசீதைக் காட்ட வேண்டும், அவரே கேட்க வேண்டும். துப்பறியும் நாயை அப்படியே பெயர்த்து வைத்தால், யாரோ வந்து பிடித்துக்கொள்வார்கள் என்ற தவறான நம்பிக்கைதான் மிஞ்சும்.

இந்திய மரபில் இதைவிடப் பொருத்தமான ஒரு நாய் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், பணிகள் என்போர் பசுக்களைக் கவர்ந்து ஒளித்து வைக்க, அவற்றைத் தேடிப் போகிற இந்திரனின் தூதாகச் சரமா வருகிறாள். பிற்கால மரபு அவளைத் தேவலோகத்துப் பெண் நாயாகக் கொள்கிறது. பணி என்ற சொல்லுக்கு வணிகர் என்றே யாஸ்கரின் நிருக்தம் பொருள் சொல்வதால், பதுக்கி வைத்த சரக்கின் முன்னால் போய் நின்ற முதல் ஆய்வாளர் என்று சரமாவை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அவர்கள் அவளைச் சகோதரி என்று அழைத்து, பசுக்களில் பங்கு தருவதாகவும் சொல்ல, அவள் அந்த உறவும் பங்கும் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறாள். ஆனால் இதே கதையைப் பிற்கால நூலான பிருகத்தேவதை வேறு விதமாகச் சொல்கிறது: அங்கே அவள் பணிகளின் பாலைக் குடித்துவிட்டுத் திரும்பி, பசுக்களைப் பார்க்கவில்லை என்று இந்திரனிடம் பொய் சொல்கிறாள், அவன் உதைக்க, குடித்த பால் வெளியே வந்துவிடுகிறது. காவல் செய்யும் எந்த அமைப்புக்கும் நேரக்கூடிய இரண்டு முடிவுகளையும் ஒரே நாயின் கதையாக ஒரு மரபு பாதுகாத்து வைத்திருக்கிறது.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் சரமா மீண்டும் வருகிறாள், இம்முறை மனுதாரராக. ஜனமேஜய மன்னன் வேள்வி நடத்தும் இடத்துக்குப் போன அவளுடைய குட்டியை மன்னனின் தம்பியர் மூவரும் அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டு வர, சரமா நேரே வேள்விச் சாலைக்குப் போய், என் மகன் எதையும் நக்கவில்லை, எதையும் ஏறிட்டும் பார்க்கவில்லை, அவனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகே, எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று அவள் சபிக்கிறாள். மன்னன் கலங்கிப்போய், அந்தப் பழியைத் தீர்க்கவல்ல புரோகிதரைத் தேடி அலைகிறான். இந்தச் சிறு நிகழ்ச்சியில் முறையீட்டின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. அவள் கடிக்கவில்லை, இடம் தேடிப் போனாள், நடந்ததைச் சொன்னாள், தன் பக்கம் குற்றமில்லை என்பதை நிறுவினாள், காரணம் கேட்டாள். தண்டனை அடித்ததற்காக என்பதோடு, பதில் சொல்லாமல் இருந்ததற்காகவும் விழுந்தது என்று இதைப் படிக்கலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசையைக் கேட்டபடி நாற்பது நிமிடம் காத்திருந்து இணைப்பு துண்டிக்கப்பட்ட எவருக்கும், பதில் இல்லாமையே ஒரு தீங்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே குரைப்பே இந்தச் சின்னத்தின் முதன்மைச் செயலாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் ஆறு உரிமைகளை நாயின் இயல்புகளோடு பொருத்திப் பார்த்தால் இது தெளிவாகும். பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றி அறியும் உரிமைக்கு மோப்பமும், முறையிட்டுச் செவிசாய்க்கப்படும் உரிமைக்குக் குரைப்பும், தீர்வு பெறும் உரிமைக்குப் பற்றியதை விடாத பிடியும் இணையாகும். கடி இந்த ஆறில் எதற்கும் இணையில்லை. அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வேலை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இருக்கிறது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி இந்தச் சின்னத்தை ஏளனம் செய்யப் பயன்படும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மறுமொழியைப் பரப்புரை தன் செய்தியிலேயே வைத்துக்கொள்ளலாம்: குரைப்பது வீட்டு நாய், அந்தச் சத்தம் கேட்டு வந்து கடிக்கக் கடமைப்பட்டது வேறொன்று.

குரைப்புக்கும் வரம்பு உண்டு. கிமு 80இல் ரோமில் ஒரு கொலை வழக்கில் வாதாடிய சிசரோ, கேபிட்டல் குன்றில் காவலுக்கு வளர்க்கப்பட்ட நாய்கள் இரவில் சந்தேகத்துக்குரிய எவரைக் கண்டும் குரைப்பது தகும், பகலில் வழிபட வருபவர்களைப் பார்த்துக் குரைத்தால் அவற்றின் கால் முறிக்கப்படும் என்று சொல்லி, குற்றம் சாட்டுவோரை அவற்றோடு ஒப்பிட்டார். ரசீதும் ஆதாரமும் இல்லாமல் கடைக்காரர்களின் பெயரைக் கெடுக்கும் அமைப்பு இரண்டாவது வகை நாயாகிவிடும். அதைக் கண்டு நேர்மையான சிறு வணிகர் அஞ்சுவார், பெரிய மோசடிக்காரர் அஞ்சமாட்டார்.

இதைவிடக் கடினமான சிக்கல், நாய் இதுவரை யாருக்காக விளம்பரத்தில் உழைத்தது என்பது. ஆங்கில ஓவியர் ஃபிரான்சிஸ் பராட் வரைந்த, ஒலிப்பெட்டிக் குழாயின் முன் தலையைச் சாய்த்துக் கேட்கும் நிப்பர் என்ற நாயின் படத்தை 1899இல் கிராமபோன் நிறுவனம் 100 பவுண்டுக்கு வாங்கியது முதல், நாயின் முகம் பெரும்பாலும் விற்பவர் பக்கத்துச் சொத்தாகவே இருந்து வருகிறது. அந்தப் படத்தில் நாய் செய்வதெல்லாம் எசமானின் குரலைக் கேட்பது. இந்தியாவில் 2003இல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்த பக் இன நாய் நாடு முழுவதும் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. விளைவாக அந்த இனத்துக்குக் கிராக்கி கூடியது. தட்டை முகமும் குறுகிய மூச்சுக்குழலும் உடைய அந்த நாய்கள் இந்திய வெயிலில் மூச்சிரைத்துத் துன்பப்படுவதை அந்த விளம்பரம் காட்டவில்லை. ஒரு நுகர்வோர் பரப்புரை அதே பாதையில் போய், படத்தைப் பார்த்து மக்கள் நாய்க்குட்டி வாங்க ஓடும்படி செய்தால், தகவல் அறியும் உரிமைக்காகத் தொடங்கிய இயக்கமே தகவலற்ற ஒரு கொள்முதலைத் தூண்டியதாகும்.

நன்றியுள்ள பிராணி என்று நாயைப் புகழ்வது தமிழ் வழக்கு. அந்த நன்றியே இங்கே ஆபத்து. சோறு போட்டவரைப் பார்த்து நாய் குரைக்காது. எனவே பரப்புரைக்குப் பணம் தருபவர் யார் என்பது மறைக்கப்பட்டால் சின்னமே அதைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் பெட்ஸ்.காம் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் நாய்ப் பொம்மை, அந்த நிறுவனம் 2000இல் மூடப்பட்ட பிறகு, 2002இல் கார்க் கடன் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு அதன் விளம்பரத்தில் நடித்தது. நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. விற்கப்பட்ட அந்த நாயும் புதிய எசமானுக்காகவே பேசியது. இதற்கு மாறான முன்னுதாரணம் காட்டுத்தீத் தடுப்புக்காக 1944இல் அதே நாட்டில் உருவான 'ஸ்மோக்கி' கரடி. 1952இல் தனிச் சட்டம் இயற்றி அந்த உருவத்தைப் பாதுகாத்து, அதைப் பயன்படுத்துவோர் தரும் உரிமத் தொகை தீத்தடுப்புக் கல்விக்கே போகும்படி செய்தார்கள். நுகர்வோர் அமைப்புகள் நாயை வரைவதற்கு முன்பே அதன் வணிகக்குறியையும் பதிப்புரிமையையும் யார் பெயரில் பதிவது, எந்தச் சூழலிலும் விற்கக் கூடாது என்பதை எந்த ஆவணத்தில் எழுதுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பண்பாட்டுத் தடைகளுள் வசைச்சொல் என்பது அவ்வளவு பெரிதன்று. சைவ அடியார் தம்மை நாயேன் என்று தாழ்த்திக்கொண்ட மரபும், வைரவரின் ஊர்தியாக நாய் கோயிலில் நிற்கும் மரபும் ஒரே மொழியில் அருகருகே வாழ்கின்றன. நாயின் எச்சிலைத் தூய்மைக்கேடாகக் கருதும் இசுலாமியச் சட்ட மரபு மதிக்கப்பட வேண்டியது. பள்ளிவாசல் தெருக்களில் முழு உடை அணிந்த நாய் வேடத்தோடு ஊர்வலம் போவது தேவையற்ற மனவருத்தத்தைத் தரும். அதே நேரத்தில், குகையில் நெடுங்காலம் உறங்கிய இளைஞர்களின் வாசலில் கால் நீட்டிக் கிடந்த நாயைத் திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயம் குறிப்பிடுவதால், உறங்குபவருக்காக வாசலில் இருக்கும் நாய் என்ற உருவம் எந்தச் சமயத்தாருக்கும் அந்நியமாகாது. உண்மையான தடை தெருநாய்ப் பிரச்சினை. உலகில் வெறிநாய்க்கடி நோயால் இறப்பவர்களில் 36 விழுக்காட்டினர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இறப்பவர்களில் குழந்தைகள் பலர். பள்ளிகளுக்குப் போகும் சின்னம், முன்பின் தெரியாத நாயைத் தொடத் துணிவு தருவதாக அமைந்துவிடக் கூடாது. எனவே இந்த நாய்க்குக் கழுத்துப்பட்டை, தடுப்பூசி வில்லை, ஒரு வீட்டு வாசல் மூன்றும் கட்டாயம் வேண்டும்.

மாற்றுத் தெரிவுகள் இதைவிடச் சிறந்தவையாகத் தோன்றவில்லை. யானை ஏற்கெனவே பல துறைகளுக்கு உழைக்கிறது. ஆந்தை அறிவைச் சொல்லும், முறையீட்டைச் சொல்லாது. திரை நட்சத்திரம் இன்று நுகர்வோர் விழிப்பையும் நாளை ஒரு குளிர்பானத்தையும் பரிந்துரைப்பார். பொய்யான விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் தண்டம் விதிக்க இப்போது சட்டமே இடம் தருவதால், அந்த முரண் வெறும் ஊகமாக நின்றுவிடாது.

உயிருள்ள நாயை நடிக்க வைப்பதைவிட வரைவதே நல்லது. விலங்குகளை நடிக்க வைக்க 2001ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற வேண்டியிருப்பதோடு, ஒரு நாயைக் காமிரா வெளிச்சத்தில் நிறுத்தி உரிமை பேசுவதும் பொருந்தாது. வரைவதற்கு நல்ல பாடம் 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 'வால்டி'. வடிவமைப்பாளர் ஓட்ல் ஐகர் உருவாக்கிய அந்த டாக்சண்டு நாய், சில வண்ணப் பட்டைகளாலேயே ஆனது. நாஜிக் காலத்தை நினைவூட்டும் என்பதால் சிவப்பும் கறுப்பும் அதில் தவிர்க்கப்பட்டன. நிறம் கூட ஒரு நாட்டின் வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழகத்தில் வரைவதானால் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாய் முதலில் நினைவுக்கு வரும். தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அழகிய இனம். ஆனால் அந்த வெண்மையோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் அவ்வினத்தில் தொடர்ந்து காணப்படுகிறது. செவிசாய்க்கப்படும் உரிமைக்கு நிற்கும் நாய்க்குக் காது கேட்காமல் இருக்கலாகாது. செம்பழுப்பு உடலும் கறுத்த மோவாயும் உடைய கோம்பை நாயோ, எந்த இனத்துக்கும் உரிமை கோராத வீட்டு நாட்டு நாயோ பொருத்தமாக இருக்கும். காதுகள் நிமிர்ந்திருக்கலாம், மூக்கு பொட்டலத்தின் ஒட்டுமடிப்பை நோக்கியிருக்கலாம், பல் தெரிய வேண்டியதில்லை. வாலாட்டுதல் என்ற சொல் தமிழில் அடிபணிதலையும் குறிப்பதால் வால் அசையாமல் இருப்பது நலம். வாயில் எலும்புக்குப் பதிலாக ரசீது இருக்க வேண்டும். ரசீதைத் தொலைக்காதே என்பதே நுகர்வோருக்குச் சொல்லப்படவேண்டிய முதல் சிறு காரியம். அதன் பிறகு 1915 என்ற தேசிய உதவி எண், மனுவை நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம் என்ற செய்தி, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை என்ற செய்தி, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடு என ஒவ்வொன்றாக அந்த நாய் சொல்லிக்கொண்டே போகலாம்.

எஞ்சியது பெயர். மெக்ரஃபைப் போலப் போட்டி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பது நல்ல வழியே. ஆனால் தமிழகத்துப் பரப்புரை ஒன்றுக்குப் பெயர் ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நடப்பட்ட நடுகல்லில் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. வீரன் விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்ற அந்த நாய்க்குக் கல்வெட்டு தனியாகப் பெயர் சொல்கிறது: கோவிவன்.